உயர்கல்வி உதவிப் பணமும் வாகரைக் குடும்பங்களும்

கல்விக்குக் கட்டணம் இல்லை என்பது வேறு. கல்விக்குச் செலவு இல்லை என்பது வேறு. இலங்கையில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பேசும் வழக்கம் எண்பது ஆண்டுகளாக நிலைபெற்றுவிட்டது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குப் பயிலும் மாணவர் இன்றும் பாடக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும், மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியிலுள்ள வாகரை போன்றதோர் ஊரிலே, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்து சேர்ந்த வீட்டில் மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கணக்கும் தொடங்குகின்றது. பயணத்துக்கு எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, அப்பணம் எங்கிருந்து வரும், எப்பொழுது வரும் என்பனவே அக்கணக்கின் கூறுகள். இவற்றுள் இறுதியாகக் கூறிய வினாவே ஏனையவற்றினுங் கடியது என்பது பின்னர்ப் புலனாகும்.

இலவசக் கல்வித் திட்டத்தை வகுத்தோர் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை, கட்டணத்தை நீக்குவதோடு நின்றுவிடவில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழவேண்டும். அவற்றோடு விடுதிகள் இருத்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுக்கப்படும் ஏழைப் பிள்ளை அவ்விடுதியில் தங்கிக் கற்றல் வேண்டும் என்பன அக்காலத்துக் கல்விச் சீர்திருத்தத்தின் பிரியாத உறுப்புகளாயிருந்தன. ஊருக்குப் பக்கத்திற் பள்ளி, பள்ளிக்குள்ளே உறைவிடம் என்பதே அவர்கள் கண்ட வழி.

மட்டக்களப்பு நாட்டில் இவ்வழியை அரசாங்கத்துக்கு முன்னரே கண்டவர் ஒருவருண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண மிஷனின் சார்பிற் கல்விப் பணியை மேற்கொண்டபோது, 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. பள்ளியோடு மாணவர் இல்லமும் அங்கே நடைபெற்றது. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கு உண்டு உறங்கிக் கற்றனர். ஈண்டுக் கருதத்தக்கது யாதெனில், அன்றைய உதவி சோறாகவும் கூரையாகவும் வந்தது என்பதே. உண்ட பின்னர்க் கணக்குக் காட்டவேண்டிய தேவை பிள்ளைக்கு இருக்கவில்லை. குடும்பம் முன்பணம் தேடவேண்டியதும் இல்லை. இன்றைய உதவியோ படிவமாகப் புறப்பட்டு, சான்றிதழாக வளர்ந்து, பல மாதங்களின் பின்னர் வங்கிக் கணக்கிற் பணமாக முடிகின்றது. தொகையின் பெருமை சிறுமையைப் பற்றியே பலரும் பேசுவர். உதவி வரும் வடிவம் மாறிவிட்டதைப் பேசுவோர் சிலரே.

இனி வாகரைப் பகுதியின் இயல்பினை நோக்குவோம். கோறளைப்பற்று வடக்கு எனப்படும் பிரதேச செயலாளர் பிரிவே பொதுவழக்கில் வாகரை எனப்படுகின்றது. வடக்கே வெருகல் ஆறு திருகோணமலை மாவட்டத்தின் எல்லையாய் நிற்க, கிழக்கே கடலும் மேற்கே காடும் சூழ, இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலம் இது. மட்டக்களப்பு நகரத்திலிருந்து திருகோணமலை செல்லும் நெடுஞ்சாலை இதனூடாகவே போகின்றது. மாங்கேணி, காயான்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி என்று ஊர்ப்பெயர்கள் அமைந்துள்ளன. கேணி, சேனை, வெளி என முடியும் இப்பெயர்கள் ஊரவரின் தொழிலையும் உடன் சொல்லிவிடுகின்றன. களப்பிலும் கடலிலும் மீன்பிடித்தல், காடு வெட்டிச் சேனை செய்தல், மாரியிற் கச்சானும் சோளமும் இடுதல், மாடு வளர்த்தல், கூலிக்குப் போதல் என்பனவே பலர்க்கும் வாழ்வு. கரையோர வேடர் என அறியப்படும் மக்களும் இப்பகுதியிலே தமிழ் பேசி இத்தொழில்களையே செய்து வாழ்கின்றனர். மாதாந்தச் சம்பளம் பெறுவோர் மிகச் சிலர்.

இந்நிலத்தின் மேல் இருபேரிடர்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. ஈராண்டு கழியுமுன் யுத்தம் மீண்டும் மூண்டது. 2006 நவம்பர் 8ஆந் திகதி கதிரவெளிப் பாடசாலையிலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் தெற்கே ஓடி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கிப் பின்னர்த் திரும்பினர். அவ்வோட்டத்தின் நடுவே பிறந்த குழந்தைகளே அண்மை ஆண்டுகளிற் பல்கலைக்கழக வயதை எய்தியவர்கள். அவர்களுட் பலருடைய பிறப்புப் பதிவு சொந்தப் பிரிவில் இராது, பிறந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இருக்கும். பெற்றோரின் விவாகப் பதிவோ அலையோடு போயிருக்கும். வரலாறு இவ்வாறு ஒரு படிவத்தின் கட்டங்களுக்குள் வந்து நுழைகின்றது.

உயர்கல்விக்கு அரசாங்கம் வழங்கும் உதவிகள் எவை? பிரதானமானவை இரண்டு. முதலாவது மகாபொல. சிங்கள மொழியிற் பெருஞ்சந்தை என்னும் பொருள் தரும் இச்சொல், வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி அவர்கள் நாடெங்கும் நடத்துவித்த சந்தைக் கண்காட்சிகளின் பெயராகும். அச்சந்தைகளோடு தொடர்புற்றுத் தோன்றிய நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தினால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியமாக நிறுவப்பட்டது. திறமைக்காக வழங்கப்படுவது, தேவை நோக்கி வழங்கப்படுவது என இப்பரிசில் இருவகைப்படும். இரண்டாவது, பேர்சரி எனப்படும் மாணவர் உதவுதொகை. மகாபொல கிடைக்காதவர் தாம் சேர்ந்த பல்கலைக்கழகத்தினூடாக இதற்கு விண்ணப்பிப்பர். பணம் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினூடாக வரும். நீண்ட காலம் மகாபொல மாதம் 5,000 ரூபாவாகவும் உதவுதொகை ஏறத்தாழ 4,000 ரூபாவாகவும் இருந்தன. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அவை முறையே 7,500 ஆகவும் 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன.

7,500 ரூபாவை முப்பது நாளாற் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. இது ஒரு மாணவரின் மூன்று வேளை உணவுக்கே போதாது என்பதை உணவுச்சாலைப் பக்கம் போனவர் எவரும் அறிவர். விலைகள் கட்டுக்கடங்காது ஏறிய 2022இல், செப்டம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வரை சென்றபோதும், இத்தொகை நாளொன்றுக்கு 167 ரூபா அளவிலேயே நின்றது. ஆயினும், தொகை சிறிதென்ற ஒன்றை மாத்திரம் கூறி நின்றுவிடுதல் போதாது. சிறிதாயினும் மாதந்தோறும் தவறாது வரும் பணம் ஒரு குடும்பத்துக்கு ஊன்றுகோலாகும். அவ்வூன்றுகோலைக் கையிற் பெறும் வழியிலேயே சிக்கல் கிடக்கின்றது.

உதவி வறியவர்க்கே உரியது. ஆகலின், வறுமை நிறுவப்படல் வேண்டும். நிறுவுங் கருவி வருமானச் சான்றிதழ். கிராம உத்தியோகத்தர் எழுத, பிரதேச செயலாளர் உறுதிப்படுத்த, அது செல்லுபடியாகும். பெற்றோர் தொழில், ஆண்டு வருமானம், காணி பூமி, பள்ளிப் பருவத்துச் சகோதரர் எத்தனை பேர், அவர்தம் பிறப்புச் சான்றிதழ்கள் என்பன கேட்கப்படும். கேள்விகளில் நியாயமற்றது என ஒன்றைக் காட்டுதல் அரிது. ஆயினும், இவை மாதச் சம்பளம் பெறும் ஒருவரை மனத்திற் கொண்டு எழுந்த கேள்விகள். சம்பளக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தை இணைத்துவிட்டுப் போவார். களப்பில் வலை வீசுபவர் எதனை இணைப்பது?

ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை கடல் பொதுவாக அமைதியாயிருக்கும். ஐப்பசி தொடங்கி வாடைக் காற்றுப் பெயர்ந்தால் பல நாள் தோணி கரையிலேயே கிடக்கும். நல்ல மாதத்தில் வந்ததைப் பன்னிரண்டாற் பெருக்கினால் அவர் செல்வராய்த் தோன்றுவார். மாரி மாதத்தை எடுத்துப் பெருக்கினாற் பொய் கூறினார் எனப்படுவார். இன்னும் நுணுகி நோக்கின், மொத்த வருமானம், தேறிய வருமானம் என்னும் இரு சொற்கள் படிவங்களில் வருகின்றன. பிடித்த மீனை விற்ற தொகை மொத்தம். எஞ்சினுக்கு ஊற்றிய மண்ணெண்ணெய், வலை பொத்துவதற்கு நூல், உடன் வந்த தொழிலாளியின் பங்கு, முற்பணம் தந்த முதலாளிக்குக் கழித்தது என்பன போக மிஞ்சியது தேறியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது, பிடித்த மீன் அதேயளவாயிருந்தும் தேறியது தேய்ந்துபோயிற்று. இவ்வேறுபாட்டைப் படிவத்தின் ஓரத்தில் யாரும் விளக்கவில்லை. நேர்மையுள்ள தந்தை மொத்தத்தைத் தேறியதாக எழுதி, ஒரு கோட்டுக்கு அப்பாற் போய்விடுகின்றார். இதில் ஒரு முரண் உண்டு: கணக்கெழுதத் தெரிந்தவர்க்கு ஏழை எனக் காட்டிக்கொள்ளுதல் எளிது; உண்மையான ஏழைக்கு அது அரிது.

கிராம உத்தியோகத்தரின் நிலையும் நினைக்கத்தக்கது. அவர் கையொப்பமிடுந் தொகைக்கு அவரே பொறுப்பு. சேனைக்காரனின் கச்சான் எத்தனை மூடை, விலை என்ன என்பதை அளந்தறிய அவருக்குக் காலமுமில்லை, கருவியுமில்லை. எனவே ஊரிற் பலர்க்கும் ஒரே மாதிரியான வட்டத் தொகையொன்றை எழுத நேர்வது இயல்பே. அவ்வாறு எழுதப்பட்டால், எஞ்சின் பூட்டிய தோணியுடையவரும் கரைவலைக்குக் கூலியாகப் போனவரும் காகிதத்தில் ஒரே நிலையினர் ஆகின்றனர். இவ்விருவர்க்கும் இடையே, பாடசாலையிலோ ஆஸ்பத்திரியிலோ சிற்றூழியராய்ச் சிறு சம்பளம் பெறுபவர் ரூபா சதம் பிசகாத சான்று கொடுத்துப் பின்தள்ளப்படவும் கூடும்.

தந்தையில்லா வீடுகளின் துன்பம் வேறு வகையினது. தந்தை இறந்திருப்பின் மரணச் சான்றிதழ் போதும். யுத்த காலத்திற் காணாமற் போயிருப்பின் அவர் உயிரோடுள்ளவரா, இறந்தவரா என்பதற்குப் படிவத்திற் கட்டமில்லை. பல தாய்மார் மரணச் சான்றிதழ் பெற மனமொவ்வாதிருந்தனர். பெறுதல் நம்பிக்கையைக் கைவிடுதலாகும் என்பது அவர்தம் எண்ணம். இக்காரணம் பற்றியே 2016இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற் போனமைக்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. ஆயினும், அதனைப் பெறுதற்கும் விண்ணப்பம், விசாரணை, அலைச்சல் உண்டு. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற தாயரின் பிள்ளைகள் இன்னொரு வகையினர். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் ஒன்று. கையிற் பெற்றது ஒன்று. புறப்படும்போது பட்ட கடனுக்குப் போக வீட்டுக்கு வந்தது வேறொன்று. இம்மூன்றனுள் எது வருமானம்?

சான்றிதழ்களைத் தேடிச் செல்லுதலுக்கும் விலையுண்டு. அலுவலகம் திறந்திருக்கும் நாளே கூலி வேலை கிடைக்கும் நாளுமாகும். ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாட் கூலியை இழந்து சென்றவர், உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருக்கக் கண்டு திரும்பினால், மறுமுறையும் ஒரு நாட் கூலி போகும். விண்ணப்பங்கள் இப்பொழுது இணையவழி வந்துவிட்டமையால் இவ்வலைச்சல் நீங்கிற்று எனக் கூறுவாருளர். பாதி உண்மை அது. படிவம் திரைக்கு ஏறியது. அதனோடு இணைக்கவேண்டிய சான்றிதழ்கள் பழைய அலுவலகங்களிலேயே உள்ளன.

அடுத்தது காலம். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் இடைப்பட்ட காலம் நீண்டு செல்வது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2024 ஜனவரியிலேயே நடைபெற்றது. பெறுபேறு மே மாத இறுதியில் வந்தது. அதன் பின்னர் விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். இவ்விடைக்காலத்தில் வறிய வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகின்றது. ஆண்பிள்ளை தோணியில் ஏறுவான், அல்லது கொழும்பிற் கடையொன்றில் நிற்பான். பெண்பிள்ளைக்குத் தையற்சாலையோ திருமணப் பேச்சோ வரும். உழைக்கத் தொடங்கிய கையை மீண்டும் ஏட்டுக்குத் திருப்புதல் எளிதன்று.

அனுமதி கிடைத்துச் சேர்ந்த பின்னரும் உதவிப் பணம் உடனே வருவதில்லை. விண்ணப்பங்கள் ஆராயப்பட்டு, பட்டியல் வெளியாகி, முதற் கொடுப்பனவு வருமுன் மாதங்கள் பல கழிவதுண்டு. கொடுப்பனவு தாமதமாகின்றது என்னும் முறைப்பாடு பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வருஞ் செய்தி. செலவோ முதல் நாளே வந்துவிடும். பெட்டி, படுக்கை, ஆடை, பதிவுப் பணம், பயணம், முதல் மாத உணவு என்பன பட்டியல் வெளியாகும்வரை காத்திரா. மூத்த ஆண்டுகளில் விடுதி கிடையாதவர் வெளியே அறை எடுப்பின் முற்பணமும் கேட்பர். மட்டக்களப்பு மாவட்டத்துப் பிள்ளை வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கே செல்லும் என்றும் கூறுதற்கில்லை. புள்ளியும் பாடநெறியும் சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் அனுப்பிவிடும்.

இவ்விடைவெளியைக் குடும்பங்கள் கடனாலேயே நிரப்புகின்றன. காதிலுள்ளது அடகு போகும். அதுவும் இல்லையெனின் மீன் முதலாளியிடம் முற்பணம். அதற்கும் மேற்பட்டால் வாரந்தோறும் வாசலில் வந்து நின்று அறவிடும் நுண்கடன். முதலாளியிடம் முற்பணம் பெற்றவர் பிடிக்கும் மீனை அவர் சொன்ன விலைக்கே அவருக்குக் கொடுத்தல் வேண்டும். எனவே பிள்ளையின் முதல் நான்கு மாதச் செலவு, தந்தையின் பேரம் பேசும் உரிமையை ஆண்டுக் கணக்கிற் கொண்டுபோய்விடுகின்றது. நுண்கடனின் கொடுமை எத்துணையதென்பதற்கு, 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தமை சான்று. பின்னர் ஒருநாள் மகாபொல நிலுவையோடு வந்து சேரும்போது, அது வட்டிக்குப் போதுமாயிருக்கும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாதவரின் நிலையைச் சுருங்கக் கூறலாம். உயர்தரத்திற் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கே அங்கு இடமுண்டு. ஏனையோர் பொருட்டு, அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களிற் பட்டப்படிப்புக் கற்க வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று 2017இல் தொடங்கப்பட்டது. வட்டி இல்லையாயினும் கடன் கடனே. லட்சக்கணக்கிற் கையொப்பமிட வாகரையில் எத்தனை தந்தையர் துணிவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னே இன்னொரு வாயில் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் தேசியத் திறமைக்கும், 55 மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பு இப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. நன்றே, ஆயின் மாவட்டம் என்னும் அளவுகோல் நகரத்துப் பெருங்கல்லூரியையும் கதிரவெளிப் பள்ளியையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றது. விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்திற் கற்க விரும்பும் வாகரைப் பிள்ளை, ஆசிரியரும் ஆய்வுகூடமும் நிறைந்த பள்ளியை நாடிப் பதினாறு வயதிலேயே ஊரைவிட்டு வெளியேறுதல் வேண்டும். அவ்விரண்டாண்டுச் செலவுக்கு மகாபொல இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பணம் உண்டெனின், அது அப்பரீட்சையிற் சித்தியெய்திய சிலர்க்கே உரியது. அதுவும் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே மாதம் 750 ரூபாவிலிருந்து 1,500 ஆகியது. ஆகவே உதவி பெருகும் இடத்தை அடையுமுன்னரே, உதவி மெலிந்த இடத்திற் பலர் நின்றுவிடுகின்றனர். கலைப் பிரிவில் ஊர்ப்பிள்ளைகள் மிகுதியாய்க் காணப்படுவதை அவர்தம் விருப்பத்தின் பயனெனக் கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

படிவமே தடையாய் நிற்றல் வறிய நாட்டுக்கு மாத்திரம் உரிய குறையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் வழிவந்த உதவிகளைப் பெற நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள் கொண்ட படிவமொன்றை நிரப்பவேண்டியிருந்தது. 2008இல் ஒகாயோ, வட கரோலினா ஆகிய மாநிலங்களிலே பொருளியலறிஞர் நால்வர் ஒரு சோதனை செய்தனர். வருமான வரிப் படிவம் நிரப்புவிக்கும் நிறுவனமொன்றின் கிளைகளுக்கு வந்த எளிய குடும்பங்களை மூன்று பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்கு ஒன்றுஞ் செய்யவில்லை. ஒரு பகுதியினர்க்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற விவரத்தை மாத்திரம் கூறினர். எஞ்சியோர்க்கு அவ்விவரத்தோடு அங்கேயே அமர்ந்து படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தனர். நிரப்புவதற்குப் பிடித்த நேரம் சில நிமிடமே. விளைவு வியக்கத்தக்கது. விவரம் மாத்திரம் கேட்டுச் சென்றோரிடம் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. படிவம் நிரப்பப் பெற்ற குடும்பங்களின் உயர்பள்ளிப் பிள்ளைகளுள், ஈராண்டு கல்லூரிக் கல்வியை நிறைவு செய்தோர் நூற்றுக்கு எட்டுப்பேர் கூடினர். அந்நாட்டு அரசாங்கம் 2020இற் சட்டமியற்றிப் படிவத்தைச் சுருக்கியது. சுருக்கிய படிவம் வெளிவந்தபோது கணினிக் கோளாறுகளாற் குடும்பங்கள் புதிதாய் இடருற்றன என்பது வேறு கதை.

கருத்தரங்கு வைத்து, துண்டுப் பிரசுரம் கொடுத்து, உதவிகள் இன்னின்ன எனக் கூறிவிட்டால் மக்கள் பயன்பெறுவர் என்பது நம்மவரிடையே பரவியுள்ள நம்பிக்கை. மேற்கூறிய சோதனை அந்நம்பிக்கையை ஐயுறச் செய்கின்றது. அருகிருந்து எழுதுவிக்கும் ஒரு கை, நூறு பிரசுரங்களினும் வலியது போலும்.

தமிழ்நாடு வேறொரு வழியிற் சென்றுள்ளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்ற பெண்கள் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அங்குத் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் அது 2024இல் விரிந்தது. இத்திட்டத்தின் நுட்பம் தகுதியை வரையறுத்த முறையிலுள்ளது. வறுமையை அளக்க முயலாது, எங்கே கற்றாய் என்று மாத்திரம் கேட்கின்றது. அரசுப் பள்ளியிற் கற்றமைக்குப் பள்ளிப் பதிவேடே சான்று. வருமானத்துக்காகத் தந்தை ஓர் அலுவலகத்தின் வாயிலிலும் நிற்கவேண்டியதில்லை. இலங்கையிற் பெரும்பான்மைப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிகளிலேயே கற்பதால் இம்முறையை அவ்வாறே கொண்டுவருதல் இயலாது. ஆயினும், இன்ன பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள பள்ளியில் இத்தனை ஆண்டு கற்றார் என்பதை ஓர் அளவையாகக் கொள்ளின், வாகரை போன்ற பிரிவுகளின் பிள்ளைகள் தம் வறுமையைத் தனித்தனியே நிறுவவேண்டிய தேவை குறையும்.

சட்டமும் திட்டமும் மாறும்வரை பள்ளிகள் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. பன்னிரண்டாந் தரத்திற் பிள்ளை காலடி வைத்த அன்றே அதன் பெயரால் ஒரு கோவை திறக்கப்படலாம். சகோதரர் பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோரின் விவாகப் பதிவு, தந்தை இல்லையெனின் அதற்குரிய சான்று ஆகியவை அக்கோவையில் ஈராண்டுக்குள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துவிடும். பெறுபேறு வந்த பின் பரபரப்போடு தேடவேண்டியது வருமானச் சான்றிதழ் ஒன்றே. பிரதேச செயலகம் நடமாடும் சேவை நடத்தும் நாளை முன்னறிந்து பெற்றோரை அழைத்துச் செல்லவும், மொத்தத்துக்கும் தேறியதுக்கும் உள்ள வேறுபாட்டை மீனவர் ஒருவரின் கணக்கை வைத்தே விளக்கவும் ஓர் ஆசிரியர் போதும்.

பழைய மாணவர் சங்கங்களும் ஒன்று செய்யலாம். அவை வழங்குவன பெரும்பாலும் பரிசளிப்பு விழா மேடையில் ஒருமுறை கொடுக்கும் பணமுடிப்புகள். கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் அவை மகிழ்ச்சி தருவன. ஆயினும், வாகரைப் பிள்ளைக்கு மிகவும் வேண்டப்படுவது சேர்ந்த நாளுக்கும் மகாபொலப் பணம் வரும் நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களைக் கடத்தும் கைமாற்றே. மாதம் 7,500 ரூபா வீதம் நான்கு மாதத்துக்கு ஒருவர்க்கு 30,000. பத்துப் பேருக்கு மூன்று லட்சம். நிலுவை ஒருங்கே வந்து சேரும்போது பிள்ளைகள் வட்டியின்றித் திருப்பிக் கொடுப்பின், அதே மூன்று லட்சம் அடுத்த ஆண்டு பதிவுக்குப் புறப்படும் பத்துப் பேருக்கும் உதவும்; கதிரவெளியிலோ பால்சேனையிலோ ஒரு தோணியின் மீன் அவ்வாண்டு சந்தை விலைக்கே விற்கப்படும்.